திறந்தே கிடந்த பதினோரு மாதம்

துப்புரவு ஓடிக்கொண்டுதான் இருந்தது. குப்பைதான் குறையவில்லை.

காலை ஏழு மணிக்கு உலகம்மை வந்து உட்கார்ந்தபோது திரையில் கடைசி வரி இப்படி நின்றது: பார்த்த வரிகள் நாற்பது கோடி, அகற்றியவை பூஜ்யம். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தாள். பூஜ்யம்தான். பதினெட்டு வருடமாக டேட்டாபேஸ் மேய்க்கிறவளுக்கு அப்படி ஒரு பூஜ்யம் நல்லதற்கில்லை என்று தெரியும். கம்ப்யூட்டர் வேலை என்றால் ஏசியில் உட்கார்ந்து காலாட்டுவது என்று நம்புகிற மதினி ஒருத்தி அவளுக்கு உண்டு. அன்று காலை அந்த மதினியைக் கூட்டிவந்து அந்த நாற்காலியில் உட்கார வைத்திருக்க வேண்டும்.

பாளையங்கோட்டையில் அந்த இடத்துக்கு நினைவுக் கிட்டங்கி என்று பெயர். போர்டில் நீளமாக வேறு ஏதோ எழுதியிருக்கும். ஆட்டோக்காரரிடம் அதைச் சொன்னால் முழிப்பார். தலையில் அடிபட்டோ பக்கவாதம் வந்தோ, புதிதாக எதையும் மனதில் நிறுத்த முடியாமல் போனவர்களின் நினைவு அங்கே குடோன் சரக்கு மாதிரி சேர்ந்து இருந்தது. காதுக்குப் பின்னால் புளியங்கொட்டை அளவில் ஒரு கருவி. பார்ப்பதும் கேட்பதும் அதன் வழியாகக் கிட்டங்கிக்கு வந்து பதியும். வேண்டும்போது அதன் வழியாகவே திரும்பிப் போகும். இரண்டாயிரத்து முன்னூற்றுப் பதினோரு பேருடைய நேற்றும் முந்தாநாளும் பக்கத்து ஹாலில் வரிசையாக நின்ற இயந்திரங்களில்தான் இருந்தன.

சாவியை ஆணியில் மாட்டியிருக்கிறேன் என்று ஒருவருக்குப் பதிந்திருக்கும். மறுநாள் அதை ஜன்னலில் வைப்பார். அப்போது புதிய வரி ஒன்று எழுதப்படும். பழையது அழியாமல் செத்த வரியாகக் கிடக்கும். அப்படிச் செத்தவற்றைப் பொறுக்கி எறிவதுதான் துப்புரவு. எறியாவிட்டால் இடம் நிரம்பும். நிரம்பிவிட்டால் அத்தனை பேருக்கும் புதிதாக ஒரு நிமிடம்கூடப் பதியாது. பஸ் ஏறியவர் எங்கே இறங்குவது என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பார். மாத்திரை போட்டவர் மறுபடி போடுவார், அதற்குப் பிறகும் போடுவார்.

இடம் தொண்ணூற்று நாலு சதவீதம் நிரம்பியிருந்தது. போகிற போக்கைப் பார்த்தால் சாயங்காலம் ஐந்து மணிவரை தாங்கும்.

டிஸ்க் மெதுவாகிவிட்டதோ என்று முதலில் பார்த்தாள். அது குதிரை மாதிரி ஓடியது. வேறு வேலை ஏதாவது பூட்டுப் போட்டு மறிக்கிறதோ என்று பார்த்தாள். இல்லை. துப்புரவை நிறுத்தி மறுபடி ஓடவிட்டாள். அது ஒன்றரை மணி நேரம் ஓடி, மறுபடியும் பூஜ்யம் என்றது. அடியில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு வந்தது: ‘இந்த வரிகள் இன்னும் ஒருவருக்குத் தேவைப்படலாம். அகற்ற இயலாது.’

இந்தக் குறிப்பு புதிதல்ல. தினமும் வந்துகொண்டுதான் இருந்தது. தினமும் வருவதை யார் படிக்கிறார்கள்? இடம் போதவில்லை என்றபோதெல்லாம் நோயாளிகள் கூடிவிட்டார்கள் என்று நினைத்து மூன்று தடவை புது டிஸ்க் வாங்கிப் போட்டிருந்தார்கள்.

யார் அந்த ஒருவர் என்று தேடினாள். திறந்திருக்கும் செஷன்களை, அதாவது ஒவ்வொருவர் பதிவுக்கும் திறந்துவைத்த கணக்குகளை, வயதுப்படி வரிசையாக்கியதும் பதில் முதல் வரியிலேயே வந்துவிட்டது. மற்றவை எல்லாம் சில நிமிட வயது. முதலாவதற்கு மட்டும் முன்னூற்று முப்பத்து நாலு நாள். நோயாளி பிரம்மசக்தி, வயது முப்பத்திரண்டு. திறந்தவர் என்ற இடத்தில் உலகம்மை என்று இருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. பிரம்மசக்தியின் புருஷன் சுடலைமணி, பஸ் டிரைவர், பத்து மணியிலிருந்தே கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துத் தவித்துக்கொண்டிருந்தான். “அக்கா, பத்தரைக்கு ராகு காலம் வந்துரும். கருவிய அப்புறமா மாட்டுனாலும் சரி. முன்னாடியே பேருக்கு ஆரம்பிச்சு மட்டும் வச்சிருங்க.” இதில் என்ன கெட்டுப்போய்விடும் என்று அவளும் பத்து இருபதுக்கே செஷனைத் திறந்து வைத்தாள். “ஆரம்பிச்சாச்சு தம்பி, போதுமா?” பன்னிரண்டு மணிக்கு மேல் கருவியை மாட்டினார்கள். ஒரு மணி நேரம் சோதித்துப் பார்த்து, கடைசியில் அதே திரையில் ‘முடி’ என்று கொடுக்க வேண்டும். அதற்குள் மாடியில் யுபிஎஸ் புகைகிறது என்று ஆள் ஓடிவந்தான், இவள் ஓடினாள். திரும்பி வந்தபோது பிரம்மசக்தி தண்ணீர் கேட்டுக் குடித்துவிட்டு, குடித்ததை நினைவு வைத்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். எல்லோருக்கும் சந்தோஷம். ‘முடி’ கொடுக்கவில்லை என்பது யாருக்கும் தோன்றவில்லை, இவளுக்கும்தான்.

ஒன்பதரை மணிக்கு இயக்குநர் ஜெயசீலன் முன்னால் போய் நின்றாள்.

“புரியற மாதிரி சொல்லுங்க” என்றார் அவர்.

“கல்யாணப் பந்தியில கடைசி ஆளு இலைய மூடிட்டு எந்திரிக்கிற வரைக்கும் இலை எடுக்க மாட்டாங்கல்லா சார். அதான். ஒரு இலை பதினோரு மாசமா மூடாமக் கிடக்கு. நான் மூடாம விட்டது.”

“சரி, இப்ப மூடிருங்க.”

“திறந்த இடத்துல இருந்துதான் மூட முடியும் சார். அந்த டெர்மினல மார்கழியிலேயே பழசுன்னு கழிச்சாச்சு. அந்தப் பிள்ளையோட கருவி பேசிக்கிட்டே இருக்கதுனால, நடுவுல இருக்க பெட்டி லைனை விடாமப் பிடிச்சிட்டிருக்கு. வெளியில இருந்து என்னால வெட்டத்தான் முடியும்.”

“வெட்டினா?”

“முடிக்காம வெட்டினா நடக்கவே இல்லைன்னு ஆயிரும். பதினோரு மாசத்துல அவளுக்குப் பதிஞ்சது அத்தனையும் போயிரும்.”

“காப்பி எடுத்து வச்சுட்டு வெட்டுங்களேன்.”

“முடிக்காதத வேற யாரும் படிக்க முடியாது சார். அவ ஒருத்திக்குத்தான் அது தெரியும்.”

“இன்னொரு டிஸ்க்?”

“பெங்களூர்ல இருந்து வரணும். ரெண்டு நாளாகும்.”

ஜெயசீலன் மேஜைக் கண்ணாடியில் விரலால் ஏதோ கோடு போட்டார். “ரெண்டாயிரத்து முன்னூத்திப் பத்து பேரு இருக்காங்க” என்றார். அதற்கு எதிரில் நிற்கும் எண்ணை அவர் சொல்லவில்லை. “மூணு மணிக்கு வெட்டிருங்க. குடும்பத்துக்கு சிஸ்டம் கோளாறுன்னு சொன்னாப் போதும்.”

“என் கோளாறுன்னு சொல்லிருதேன் சார்.”

பதினோரு மணிக்கு இருவரும் வந்தார்கள். சுடலைமணி பஸ்ஸை டெப்போவில் விட்டுவிட்டுக் காக்கிச் சட்டையோடேயே வந்திருந்தான். பிரம்மசக்தி தோளில் தைப்பு வேலைப் பை. உலகம்மை சுற்றி வளைக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். ராகு காலத்துக்கு முன்னால் திறந்தது, மூட மறந்தது, இன்று மூன்று மணிக்கு வெட்டப்போவது. 

சுடலைமணிக்குப் பாதிதான் விளங்கியது. ஆனால் விளங்க வேண்டிய பாதி அதுதான்.

“அப்ப முத்தரசி விஷயம்?” என்றான்.

“அதுவும் போயிரும் தம்பி.”

 முத்தரசி அவர்களுடைய மகள். ஆறு வயது. பிரம்மசக்திக்குத் தலையில் அடிபட்ட அதே ஸ்கூட்டர் விபத்தில் அந்தக் குழந்தை போய்விட்டது. கருவி மாட்டும் வரை இருபத்திரண்டு நாள், தினமும் காலையில் கண் விழித்ததும் பிரம்மசக்தி, ‘முத்தரசி எங்க?’ என்று கேட்பாள். தினமும் இவன் சொல்வான். தினமும் அவள் அன்றுதான் கேட்பதுபோல விழுந்து அழுவாள். தூங்கி எழுந்தால் மறுபடி கேட்பாள். கருவி மாட்டிய வெள்ளிக்கிழமை மத்தியானம் இருபத்து மூன்றாவது தடவையாகச் சொன்னான். அதுதான் அவளிடம் நின்றது.

“என்னால இன்னொரு தடவ சொல்ல முடியாதுக்கா” என்றான். “பஸ்ஸ கொண்டு போயி எதுலயாவது மோதச் சொல்லுங்க, மோதுதேன். இத மட்டும் சொல்லச் சொல்லாதிய.”

பிரம்மசக்தி பையைத் தோளிலிருந்து இறக்கி வைத்தாள். உலகம்மையையே பார்த்துக்கொண்டிருந்தாள். “உங்கள நல்லா ஏசணும்போல இருக்கு” என்றாள். “ஏசுனாலும் மூணு மணிக்கு மேல எனக்கு ஞாபகம் இருக்காது. எதுக்கு வீணா?” பிறகு புருஷன் பக்கம் திரும்பினாள். “நீங்க சொல்ல வேண்டாம். நான் பேசி வச்சிட்டுப் போறேன். என் குரல்ல கேட்டா நான் நம்பிருவேன்லா.”

ஒரு சின்ன அறையில் ஒலிப்பதிவைப் போட்டுக் கொடுத்தாள் உலகம்மை. சுடலைமணி வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். உள்ளே, உலகம்மை பக்கத்தில் இருக்க, ஒரு மணி நேரம் பிரம்மசக்தி தனக்குத்தானே பேசினாள். பதினோரு மாதத்தை ஒரு மணி நேரத்தில் எப்படிச் சொல்வது? எதைச் சொல்ல வேண்டும் என்று அவளுக்கே தெரியவில்லை. வீடு மாறிவிட்டது, பாத்ரூம் இப்போது இடது பக்கம் என்றாள். ரவிக்கை வெட்டக் கற்றுக்கொண்டுவிட்டாய், கைக்குழி மட்டும் இன்னும் சரியாக வரவில்லை என்றாள். சின்னத்தை மகள் கல்யாணத்தில் ஆடிய ஆட்டத்தைச் சொல்லும்போது சிரித்துவிட்டாள். 

“முத்தரசி செத்துப் போயிட்டா” என்றாள். “வண்டி மண்ணுல சறுக்கிருச்சு. ஆஸ்பத்திரி போறதுக்கு முன்னாடியே போயிட்டா. தேடாத. அவ சட்டையெல்லாம் பச்சப் பெட்டியில இருக்கு, இப்பத் திறக்காத. அவரு மேல கோவப்படாத பிரம்மசக்தி. நல்ல மனுசன்.”

கையைக் காட்டி நிறுத்தச் சொன்னாள். உலகம்மை பதிவை நிறுத்தினாள்.

“அக்கா, உங்ககிட்ட மட்டும் ஒண்ணு சொல்லணும். இது அதுல வேண்டாம்.” குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “அன்னைக்கி வண்டிய ஓட்டுனது அவரு இல்ல. நான்.”

உலகம்மை அறைக் கதவைத் திரும்பிப் பார்த்தாள். சாத்தித்தான் இருந்தது.

“தான்தான் ஓட்டுனதா அவரு சொன்னாரு. நானும் நம்பிட்டேன். ஏழு மாசம் அவருகூட ஒரு வார்த்த பேசலக்கா. சோறு போடுவேன், துணி துவைப்பேன், மூஞ்சியப் பாக்க மாட்டேன். பிள்ளையக் கொன்னுட்டு வந்து உக்காந்து சாப்பிடுதானேன்னு இருக்கும். அவரு ஒண்ணும் சொல்லாமத் தின்னுட்டு எந்திரிச்சுப் போவாரு. அப்புறம் ஒரு நாளு, அன்னைக்கி கைப்பையோட போலீஸ் ஸ்டேஷன்ல போய்க் கிடந்த என் லைசென்ஸ வாங்கப் போனேன். ரைட்டர் பேப்பரப் பொரட்டிக்கிட்டே படிக்காரு. ஓட்டி வந்தது பிரம்மசக்தி, பின்னால மகள்னு. அவரு வண்டியிலேயே இல்ல. அந்த நேரம் தென்காசி டிரிப்ல இருந்திருக்காரு. எனக்குத் தாங்காதுன்னு தன் தலையில தூக்கிப் போட்டுக்கிட்டாரு.”

“அவருகிட்ட கேட்டியா?”

“இல்ல. கேட்டா, அவரு ஏழு மாசம் பட்டதெல்லாம் வீணாப் போயிரும்லா. பேச மட்டும் ஆரம்பிச்சேன். காலம் போகப் போக ஆறிருச்சுன்னு நினைச்சிருப்பாரு, பாவம்.”

“அப்ப இதையும் பேசி வச்சிரு, பிரம்மசக்தி.”

“வேண்டாம்க்கா” என்று அவள் உலகம்மையின் முழங்கையைப் பிடித்தாள். “கண்ண மூடுனா அந்த வளைவுதான். எனக்கு ஞாபகமே இல்லாத வளைவு. தினம் நாலு தடவ நானா ஓட்டிக்கிட்டுப் போறேன், தினம் சறுக்குது. மூணு மணிக்கு அது போகும்னா போகட்டும். உங்க தப்புல எனக்குக் கிடைக்கிற நல்லது அது ஒண்ணுதான். அதையும் பிடுங்கிராதிய.”

காலையிலிருந்து முதல் தடவையாக உலகம்மைக்கு மூச்சு கொஞ்சம் இலகுவாக வந்தது. தன் மறதியால் ஒருத்திக்கு ஏதோ ஒரு பாரமாவது இறங்கட்டும் என்று அவள் மனம் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. சரி என்று தலையாட்டினாள். அதற்கு மேல் யோசிக்கவில்லை.

மூன்று மணிக்குப் பிரம்மசக்தியைக் கட்டிலில் படுக்க வைத்து, தலைமாட்டில் இருந்த திரையில் உலகம்மை அந்தச் செஷனை வெட்டினாள். ஒரு சத்தமும் இல்லை. மேலே ஒரு மூலையில் துப்புரவின் எண் பூஜ்யத்திலிருந்து எழுந்து ஆயிரமாகி, லட்சமாகி, ஓடத் தொடங்கியது. நிரம்பிய இடம் தொண்ணூற்று ஒன்பதிலிருந்து தொண்ணூறுக்கு இறங்கியது. காலையிலிருந்து எதற்காகப் பாடுபட்டாளோ அது நடந்துகொண்டிருந்தது. அதைப் பார்க்கவே அவளுக்குப் பிடிக்கவில்லை. புதிய செஷனைத் திறந்தாள். முறைப்படி ஒரு மணி நேரம் பதிவாகிறதா என்று பார்த்துவிட்டு மூட வேண்டும். இந்தத் தடவை அந்த இடத்தை விட்டு அவள் நகரவில்லை.

பிரம்மசக்தி கண்ணைத் திறந்தாள். அறையைச் சுற்றிப் பார்த்தாள். புருஷனைப் பார்த்ததும் முகம் தெளிந்தது.

“முத்தரசி எங்க? ஸ்கூல் விட்டிருக்கும்லா?”

சுடலைமணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். உலகம்மைதான் ஒலிப்பதிவைப் போட்டாள். பாத்ரூம் இடது பக்கம் என்றபோது பிரம்மசக்தி குழம்பிப்போய் புருஷனைப் பார்த்தாள். தன் குரல் சிரித்தபோது இவளும் லேசாகச் சிரித்தாள். பிறகு அந்த வார்த்தை வந்தது. அவள் போட்ட கூச்சலில் வராண்டாவில் போன நர்ஸ் நின்றுவிட்டாள். உலகம்மையால் அவளைப் பிடிக்க முடியவில்லை, சுடலைமணி பிடித்துக்கொண்டான். அரைமணி நேரம் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தான். அவனுக்கு அது பழகிய வேலை.

அழுகை மெல்ல அடங்கியது. அவன் கைக்குள் இருந்தபடியே அவள் கேட்டாள்.

“வண்டிய யாரு ஓட்டுனா?”

“நான்தான்” என்றான் சுடலைமணி. அந்தப் பொய் இருபத்து மூன்று தடவை சொல்லிப் பழகியது. தடங்கலே இல்லாமல் வந்தது.

அவள் அவன் கையை எடுத்து அப்பால் வைத்தாள். எழுந்து கட்டிலின் மறுமூலைக்கு நகர்ந்தாள்.

“அவரு மேல கோவப்படாதன்னு என்னப் பேச வச்சதும் நீங்கதானா?”

“பிரம்மசக்தி...”

“வெளிய போங்க.” கத்தவில்லை.  “உங்க மூஞ்சியப் பாக்க எனக்கு முடியல. போங்க.”

அப்போதுதான் உலகம்மைக்கு உறைத்தது. பிரம்மசக்தி விட்டுப்போனது அந்த வளைவை மட்டும் இல்லை. அவனை மன்னித்ததற்கான காரணமும் அதற்குள்தான் இருந்தது. அது தெரியாமல் அவள் விட்டுவிட்டாள். கேட்டுக்கொண்டிருந்த உலகம்மையும் விட்டுவிட்டாள். இனி அது தானாக அவளிடம் வரவும் வழியில்லை. லைசென்ஸைத்தான் முன்பே வாங்கி வந்தாயிற்று. அவள் எதற்கு ஸ்டேஷனுக்குப் போகப்போகிறாள்?

“பிரம்மசக்தி, இங்க பாரு, அன்னைக்கி வண்டிய...” என்று தொடங்கிவிட்டாள்.

சுடலைமணி சட்டென்று திரும்பி அவளைப் பார்த்தான். இயந்திரம் பார்க்கிற இந்தப் பெண்ணுக்கு வண்டியைப் பற்றி என்ன தெரியும் என்பதுபோலப் பார்த்தான். பிறகு அவனுக்குப் புரிந்தது. இவளிடம் சொல்லக்கூடியவள் ஒருத்திதான். அவளுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்ததால்தான் நாலு மாதத்துக்கு முன் ஒரு காலையில் காபியை நீட்டி, சீனி போதுமா என்று கேட்டிருக்கிறாள். எல்லாம் தெரிந்தே அவனோடு நாலு மாதம் வாழ்ந்திருக்கிறாள். அதை அவன் தெரிந்துகொண்ட இந்த நிமிடத்தில் அந்தப் பிரம்மசக்தி இல்லை. அவன் உதடு கோணிக்கொண்டு போயிற்று. உலகம்மையைப் பார்த்து வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு வெளியே போனான்.

மேஜையில் போன் அடித்தது. ஜெயசீலன். “இடம் எழுபத்தொண்ணு சதவீதத்துக்கு வந்துட்டுது, பெரிய வேலை பண்ணிட்டீங்க உலகம்மை. அந்தப் புது செஷனை மறக்காம மூடிட்டீங்களா?”

மூடவில்லை. அந்த ஒரு மணி நேரம் இன்னும் முழுதாகப் பதியவில்லை. இதையும் வெட்டிவிடலாம். வெட்டினால் இந்த வெறுப்பு போகும். மறுபடி புதிதாகத் திறந்து, உண்மையைச் சொல்லி, வளைவையும் அவளிடம் கொடுத்து, அவனையும் அவளுக்குத் திருப்பிக் கொடுக்கலாம். ஆனால் அதற்கு முன்னால் கட்டிலில் இருக்கிறவள் இன்னொரு தடவை கண்ணைத் திறந்து, முகம் தெளிந்து, ஸ்கூல் விட்டிருக்கும்லா என்று கேட்பாள். அதை இன்னொரு தடவை கேட்க உலகம்மைக்குத் தைரியம் இல்லை. கேட்கவைக்கத் தனக்கு உரிமை இருப்பதாகவும் தோன்றவில்லை.

“இதோ மூடுதேன் சார்” என்று சொல்லிவிட்டு, ‘முடி’ என்று கொடுத்தாள். பதிவாகிவிட்டது என்று திரை சொன்னது.

பிரம்மசக்தி கையை நீட்டி அவள் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டாள். “நீங்க யாருன்னு தெரியலக்கா. ஆனா காலையில இருந்து என்கூடயே இருந்திருக்கிய போல. நீங்க நல்லாருக்கணும். அந்த ஆள மட்டும் உள்ள விட்டுராதிய.”

“சரி” என்று சொல்லிவிட்டு உலகம்மை அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.